சுவரில் ஒரு துளை: கன்னக்களவின் சொல்லும் சட்டமும்



திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ் மாணவருக்கு ஒரு வசதி உண்டு. தேநீர்க்கடையில் மலையாள நாளிதழைப் புரட்டிக்கொண்டே கைபேசியில் தமிழ்ச் செய்திகளையும் பார்க்கலாம். பூட்டிய வீட்டில் நகை போன செய்தி இரண்டிலும் அடிக்கடி வரும். மலையாளத்தில் அக்குற்றத்துக்குப் பெயர் 'பவனபேதனம்'. தமிழ்நாட்டுக் காவல்துறையின் குற்றப் பட்டியலில் அதன் பெயர் 'கன்னக்களவு'. முன்னது வடமொழியில் பிறந்த சட்டச் சொல். பின்னது கன்னக்கோல் என்னும் இரும்புக் கருவியை இன்றும் தன்னுள் வைத்திருக்கும் பழஞ்சொல். கன்னக்கோலைக் கண்ணால் கண்டவர் இன்று எத்தனை பேர்? கருவி மறைந்துவிட்டது, குற்றத்தின் பெயர் மட்டும் காவல் நிலையப் பதிவேட்டில் தங்கிவிட்டது.

மொழியியல் படித்தவனுக்கு இவ்வாறு தங்கிப்போன சொற்கள் ஆவணங்களைப் போன்றவை. கன்னம் என்பது சுவரைத் துளைக்கும் கருவியையும் அக்கருவி இட்ட துளையையும் குறித்தது. தமிழ் விவிலியத்தில் திருடரைப் பற்றிப் பேசும் இடங்களில் 'கன்னமிடுதல்' என்ற வினையே ஆளப்படுகிறது. அதே இடத்தில் மலையாள விவிலியம் 'துரத்தல்', அதாவது துளைத்தல், என்ற பொருளுடைய வினையைப் பயன்படுத்துகிறது. இரண்டுக்கும் மூலமான கிரேக்க, எபிரேயச் சொற்களும் தோண்டுதலையே குறிப்பவை. வடமொழியில் இக்குற்றத்துக்கு வழங்கும் பெயர் 'சந்திச்சேதம்'. எங்கள் துறையில் சந்தி பிரிப்பது அன்றாட வேலை என்பதால் இச்சொல்லை முதன்முறை கண்டபோது சிரித்துவிட்டேன். மதுரைக்காஞ்சி காட்டும் இரவுக் கள்வரிடமும் நிலம் அகழும் உளி இருக்கிறது, நூலேணியும் இருக்கிறது. மண்சுவர் வீடுகளின் உலகம் முழுவதும் இக்குற்றத்தை அறிந்திருந்தது ஒரே அடையாளத்தால்தான்: சுவரில் ஒரு துளை.

இப்பதிவின் கேள்வி இதிலிருந்து எழுகிறது. களவை வரையறுக்கும்போது சட்டம் எதைப் பார்க்கிறது? சுவரில் உள்ள துளையையா, அதை இட்டவன் என்று நாம் நினைக்கும் மனிதனையா?

*

இந்தக் கேள்விக்கு இந்நகரத்திலேயே ஒரு நல்ல தொடக்கம் இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையின் தருவையில் பிறந்த த. கணபதி சாஸ்திரி, திருவிதாங்கூர் அரசின் வடமொழிச் சுவடிப் பதிப்புத் துறைக்குப் பொறுப்பாளராக இருந்தார். 1909ஆம் ஆண்டில் பத்மநாபபுரத்துக்கு அருகிலுள்ள மணலிக்கரை மடத்தில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், அவருக்கு ஓர் ஓலைச்சுவடிக் கட்டு கிடைத்தது. அதிலிருந்தும் பின்னர் கிடைத்த சுவடிகளிலிருந்தும் பாசனுடையவை என்று கருதிப் பதின்மூன்று நாடகங்களை அவர் 1912 முதல் 'திருவனந்தபுரம் சமஸ்கிருத வரிசை'யில் வெளியிட்டார். அவை அனைத்தும் பாசனுடையவைதாமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. நமக்கு வேண்டியது அவற்றுள் ஒன்றான 'சாருதத்தம்'. அதன் மூன்றாம் அங்கத்தில் சஜ்ஜலகன் என்னும் அந்தணன் நள்ளிரவில் ஒரு வீட்டுச் சுவரைத் துளைக்கிறான். எந்த இடத்தில் துளையிட்டால் ஓசை எழாது, துளை எந்த வடிவில் அமைய வேண்டும் என்றெல்லாம் ஒரு கலைஞனைப் போல் ஆராய்கிறான்.

1917இல் அதே வரிசையில் அவர் பதிப்பித்த 'மத்தவிலாசப் பிரகசனம்' காஞ்சியில் ஆண்ட பல்லவன் மகேந்திரவர்மன் எழுதியது. அதில் ஒரு பாத்திரம், களவு நூலை இயற்றிய ஆசிரியராகக் கரபடர் என்பவரைக் கேலியாக வணங்குகிறது. களவுக்கு ஒரு சாத்திரமும் அதற்கு ஓர் ஆசிரியரும் உண்டு என்ற நினைப்பு அக்கால அவையோருக்குப் பழக்கமானதாக இருந்திருக்க வேண்டும். இல்லையேல் அந்த நகைச்சுவை எடுபட்டிராது.

மூன்றாவது நூல் அர்த்தசாஸ்திரம். மைசூரில் ஷாமசாஸ்திரி 1909இல் முதலில் அச்சிட்ட அந்நூலைக் கணபதி சாஸ்திரி தம் உரையுடன் 1924-25இல் இங்கு வெளியிட்டார். ஆக, கள்வனின் பார்வையும் கள்வனைப் பற்றிய கேலியும் கள்வனைத் தேடும் அதிகாரியின் பார்வையும் ஒரே மனிதரின் கைவழியே இந்நகரத்தில் அச்சேறின.

*

அர்த்தசாஸ்திரத்தின் நான்காம் அதிகரணத்தில் குற்றவாளியைப் பிடிப்பதற்கு மூன்று வழிகள் கூறப்படுகின்றன: சந்தேகத்தால், கைப்பற்றிய பொருளால், செயலின் தடயத்தால்.

மூன்றாவது வழியைப் படிக்கும்போது ஒரு நவீன தடய ஆய்வாளரின் குறிப்பேட்டைப் படிப்பது போன்ற உணர்வு ஏற்படுகிறது. வாயில் அல்லாத வழியில் நுழைந்தார்களா? கதவு பிளக்கப்பட்டதா? சாளரமோ கூரையோ சிதைக்கப்பட்டதா? சுவர் துளைக்கப்பட்டதா? வெட்டிய மண்ணும் கருவியும் வீட்டின் உட்புறம் கிடந்தால் அது உள்ளிருந்தவர் வேலை. வெளிப்புறம் கிடந்தால் வெளியார் வேலை. இருபுறமும் கிடந்தால் இருவரும் கூடிச் செய்தது. இங்கே அதிகாரியின் கண் மண்குவியலின்மேல் இருக்கிறது.

முதல் வழி அப்படிப்பட்டதன்று. குடும்பச் சொத்து தேய்ந்தவன், ஊரையும் பெயரையும் தொழிலையும் மாற்றிச் சொல்பவன், வரவுக்கு மீறிச் செலவிடுபவன் எனச் சந்தேகத்துக்குரிய மனிதர்களின் நெடும்பட்டியல் அது. இங்கே கண் மனிதனின்மேல் இருக்கிறது. ஒரே இயலில் இரண்டு பார்வைகளும் அருகருகே அமர்ந்திருக்கின்றன. முதல் பார்வையின் ஆபத்தைக் கௌடில்யரும் அறிந்தே இருந்தார். திருடன் அல்லாதவனும் தற்செயலாகத் திருடர் சென்ற வழியில் அகப்படலாம், வதைக்கு அஞ்சி 'நானே திருடன்' என்று ஒப்புக்கொள்ளலாம் என்று மாண்டவ்ய முனிவரை உதாரணம் காட்டி அடுத்த பகுதிகளில் எச்சரிக்கிறார். ஆகவே முழுமையான சான்று கிடைத்த பின்னரே தண்டிக்க வேண்டும் என்பது அவர் விதி.

தண்டனை அக்கால நூல்களில் உடலின்மேல் விழுந்தது. இரவில் சுவரைத் துளைத்துத் திருடியவனின் கைகளை வெட்டிக் கழுவில் ஏற்ற வேண்டும் என்கிறது மனுஸ்மிருதியின் ஒன்பதாம் அத்தியாயம். இங்கிலாந்தின் நிலையும் கருணை மிக்கதாக இல்லை. இரவில் பிறர் குடியிருக்கும் வீட்டை உடைத்து, பெருங்குற்றம் புரியும் எண்ணத்துடன் நுழைவது 'பர்க்ளரி'. அதற்கு 1837 வரை மரண தண்டனை உண்டு.

*

அதே 1837இல்தான் மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் இந்திய தண்டனைச் சட்டத்தின் வரைவை அரசிடம் அளித்தது. 1860இல் நிறைவேறி 1862 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தில் 'பர்க்ளரி' என்ற சொல்லே இல்லை. அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடைந்து கிடந்த கூறுகளை அது ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிக்கட்டாக அடுக்கியது.

முதற்படி, குற்ற எண்ணத்துடன் பிறர் இடத்தில் புகுதல்: மூன்று மாதம் வரை சிறை. அந்த இடம் வீடாக இருந்தால் ஓராண்டு வரை. ஒளிந்து புகுந்தாலோ வீட்டை உடைத்துப் புகுந்தாலோ இரண்டாண்டு வரை. அதை இரவில் செய்தால் மூன்றாண்டு வரை. திருடும் நோக்கத்துடன் பகலில் உடைத்தால் பத்தாண்டு வரை. இரவில் உடைத்தால் பதினான்கு ஆண்டு வரை. திருட்டு உண்மையில் நடந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நோக்கம் மெய்ப்பிக்கப்பட்டால் போதும். வீட்டுக்குள் நடந்த திருட்டு 380ஆம் பிரிவின்கீழ் ஏழாண்டு வரை தண்டனைக்குரிய தனிக் குற்றம்.

வீட்டை உடைத்தல் என்பதை 445ஆம் பிரிவு ஆறு வழிகளாக வரையறுத்தது: தானே உண்டாக்கிய வழியில் நுழைதல், மனிதர் நுழைவதற்கென அமையாத வழியிலோ சுவரேறியோ நுழைதல், வீட்டார் கருதாத முறையில் திறந்த வழியில் நுழைதல், பூட்டைத் திறந்து நுழைதல், வன்முறையாலோ மிரட்டலாலோ நுழைதல், அடைத்து வைத்த வழியை அவிழ்த்து நுழைதல். வெளியேறுவதற்கும் இவை பொருந்தும். இதற்கான விளக்கங்களுள் முதலாவது, சுவரில் துளையிட்டு அதன்வழியே கையை நுழைப்பவன். வீட்டுக்காரர் தொலைத்த சாவியைக் கண்டெடுத்து அதனாலேயே கதவைத் திறப்பவனும் 'உடைத்தவன்'தான். அங்கே கதவில் கீறல்கூட விழுந்திராது. ஆயினும் வீட்டின் அடைப்பு மீறப்பட்டது.

உடலின் ஏதேனும் ஒரு பகுதி உள்ளே சென்றால்தான் 'புகுதல்' என்றும் சட்டம் வரையறுத்தது. சாருதத்தன் கதையை விரித்துச் சொல்லும் மிருச்சகடிகத்தில் அக்கள்வன், உள்ளே ஆள் விழித்திருக்கிறார்களா என்று அறிய முதலில் ஒரு பொம்மை மனிதனைத் துளைக்குள் செலுத்திப் பார்க்கிறான். மெக்காலேயின் சட்டப்படி அந்நொடியில் நடந்திருப்பது முயற்சி மட்டுமே, குற்றம் நிறைவேறவில்லை. பொம்மைக்குப் பின்னால் அவன் காலோ கையோ நுழையும்போதுதான் படிக்கட்டில் ஏறுகிறான். இந்த நுணுக்கம் முதலில் வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் எந்த அசைவு வரை தான் குற்றவாளி அல்லன் என்பதை ஒரு மனிதன் அறிந்துகொள்ள இத்தகைய நுணுக்கம்தான் உதவும்.

கௌடில்யரின் பட்டியலையும் 445ஆம் பிரிவையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒற்றுமை வியப்பூட்டுகிறது. வாயில் அல்லாத வழி, துளை, கதவு, ஏறுதல் எல்லாம் இரண்டிலும் உண்டு. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டிருக்க முடியாது. அர்த்தசாஸ்திரச் சுவடி வெளியுலகுக்குத் தெரிய வந்தபோது தண்டனைச் சட்டத்துக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. வீடு என்ற ஒன்று இருக்கும் இடமெல்லாம் அதை மீறும் வழிகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும் என்பதே இதன் பொருள். கௌடில்யர் அவற்றைத் தடயமாகப் படித்தார். மெக்காலே வரையறையாக எழுதினார். திருவிதாங்கூரும் பிரிட்டிஷ் இந்தியச் சட்டத்தை அடியொற்றி, கொல்லம் ஆண்டு 1074இல் (கி.பி. 1898-99) தனக்கெனத் தண்டனைச் சட்டம் இயற்றிக்கொண்டது. 1951இல் இந்திய தண்டனைச் சட்டமே இங்கும் நடைமுறைக்கு வந்தது.

*

இரவுக்கு ஏன் கூடுதல் தண்டனை? ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் பகலில் உடைத்தால் 'பர்க்ளரி' ஆகாது. எது இரவு என்பதற்கு, ஒருவர் முகத்தை அடையாளம் காணும் அளவுக்குப் பகலொளி இல்லாத நேரம் என்று 18ஆம் நூற்றாண்டில் பிளாக்ஸ்டோன் அளவுகோல் கூறினார். நிலவொளியை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. 1837இல் அங்கு கடிகாரம் வந்தது: இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை. இந்தியச் சட்டம் கதிரவனையே நம்பியது: மறைந்த பின், உதிக்கும் முன். ஆண்டு முழுதும் மாலை ஆறுக்கும் ஏழுக்கும் இடையிலேயே இருட்டிவிடும் திருவனந்தபுரத்துக்கு அது பொருத்தமான கடிகாரம்.

காரணம் எளியது. உறங்குபவர் தம்மைக் காத்துக்கொள்ள இயலாதவர். இரவில் வீடு உடைப்பவனைத் தடுக்கையில், சட்டம் விதிக்கும் வரம்புகளுக்கு உட்பட்டு, உயிர் போக்கும் அளவுக்கும் தற்காப்பு உரிமை நீளலாம் என்று 103ஆம் பிரிவு கூறியதும் இதனால்தான். விவிலியத்தின் யாத்திராகமமும் கன்னமிடும் திருடனைக் கொன்றவன்மேல் பழியில்லை என்று கூறி, பொழுது விடிந்திருந்தால் பழியுண்டு என்று உடனே வரம்பிடுகிறது. பொருளின் விலையைப் பற்றி இந்த விதிகள் எவையும் பேசவில்லை. அவை காப்பது கதவைத் தாழிட்டுக் கண்மூடும் ஒருவரின் நம்பிக்கையை.

யாருடைய கதவு என்ற கேள்விக்கும் வரையறையில் விடை உண்டு. மனிதர் குடியிருக்கும் கட்டடம், கூடாரம், கலம் ஆகிய மூன்றும் சட்டத்தின் கண்ணில் 'வீடு'. திருவிதாங்கூரில் வீட்டுக்கு ஓடு வேய்வதற்கே அரச அனுமதி வேண்டியிருந்த காலம் உண்டு. 1815 முதல் 1829 வரை ஆண்ட கௌரி பார்வதி பாயி காலத்தில்தான் எல்லோரும் ஓடு வேயலாம் என்றாயிற்று. கூரையே தகுதியைக் காட்டிய நாட்டில், ஓலைக் குடிசைக்கும் நாலுகெட்டுக்கும் ஒரே சொல்லை ஆளும் வரையறை சிறிய செய்தி அன்று.

*

இவ்வளவு கவனமாகச் செயலை வரையறுத்த அதே அரசு, சில ஆண்டுகளிலேயே மனிதனை வரையறுக்கவும் முனைந்தது. 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. 1911இல் திருத்தி விரிக்கப்பட்டபின் சென்னை மாகாணத்திலும் நடைமுறையானது. பிரமலைக் கள்ளர் உள்ளிட்ட சமூகங்களில் பிறந்தவர்கள் எந்தச் சுவரையும் தொடாமலேயே கைரேகை பதிக்க வேண்டியிருந்தது. இரவில் காவல் நிலையத்தில் இருப்பைக் காட்ட வேண்டியிருந்தது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் இதை எதிர்த்தவர்கள்மேல் காவல்துறை சுட்டதில் ஒரு பெண் உட்படப் பலர் மாண்டனர்.

இங்கே மொழியியலாரும் வெட்கப்பட வேண்டிய ஒன்று உண்டு. அச்சமூகத்தின் பெயருக்குத் 'திருடர்' என்று பொருள் எழுதினர் காலனிய இனவரைவியலார். 1909இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகளிலும் அப்பொருள் இடம்பெற்றது. மலையாளத்தில் 'கள்ளன்' இன்றும் திருடனுக்கான அன்றாடச் சொல் என்பதால் இங்குள்ள நண்பர்கள் அப்பெயரைக் கேட்டுப் புருவம் உயர்த்துவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஒரு சமூகப் பெயரின் சொற்பிறப்பு, நேற்றிரவு யார் சுவரைத் துளைத்தார் என்பதற்குச் சான்றாகாது. அது சான்றாகக் கொள்ளப்பட்டது. ஒரு சட்டமே அதன் துணையோடு நின்றது. 1952இல் அச்சட்டம் நாடு முழுதும் நீக்கப்பட்டது. ஆயினும் சீர்மரபினரைப் பழக்கக் குற்றவாளிகளாகக் காட்டும் சிறை விதிகளை அரசியலமைப்புக்கு முரணானவை என்று உச்ச நீதிமன்றம் கூற 2024 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நம் மரபில் இதற்கான முதல் வழக்கு கோவலனுடையது. சேர இளவரசர் இயற்றியதாகக் கருதப்படும் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை ஒரு குற்ற வழக்கின் ஆவணமாகப் படித்துப் பாருங்கள். அரண்மனைச் சிலம்பு காணாமற்போயிருக்கிறது. கோவலனைக் கண்ட காவலர்கள் இவன் முகம் கள்வன் முகம் அன்று என்கிறார்கள். பொற்கொல்லன் நகைத்து, கள்வர்க்குத் துணையாகும் எட்டினைக் களவு நூல் முறைப்படி அடுக்குகிறான்: மந்திரம் முதல் கருவி வரை. காவலன் ஒருவன் தான் முன்பு ஓர் இருளில் கண்ட, உளியேந்திய கள்வனின் கதையைச் சொல்கிறான். எவரும் அரண்மனைச் சுவரைச் சென்று பார்க்கவில்லை. ஒருவன் வாளை வீசிவிடுகிறான். கள்வர் என்ற வகையைப் பற்றிய அறிவு மட்டும் அங்கே நிறைய இருந்தது. இந்தச் செயலைப் பற்றிய அறிவு ஒரு துளியும் இல்லை.

களவு நடந்த சிறிது நேரத்தில் அப்பொருளை வைத்திருப்பவன், அது தன்னிடம் வந்த விதத்தை விளக்க இயலாவிட்டால், அவன் திருடன் அல்லது திருட்டுப் பொருளை அறிந்தே பெற்றவன் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம் என்பது 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 114ஆம் பிரிவு தரும் விளக்கம். கௌடில்யரின் இரண்டாம் வழியும் இதுவே. இந்த விதியின் உயிர் 'விளக்க இயலாவிட்டால்' என்ற பகுதியில் இருக்கிறது. கோவலனிடம் அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை. அதற்கான விடையைக் கண்ணகி அரசவையில் சிலம்பை உடைத்துக் காட்டிய பிறகுதான் மதுரை அறிந்தது.

*

2024 சூலை முதல் நாளிலிருந்து பாரதீய நியாய சம்ஹிதா நடைமுறையில் உள்ளது. பழைய 441 முதலான பிரிவுகளின் இடத்தில் இப்போது 329 முதல் 334 வரையிலான பிரிவுகள். முதலிரு படிகளில் அபராதம் ஐயாயிரம் ரூபாயாக உயர்ந்திருக்கிறது. ஆறு வழிகளும் பத்தாண்டும் பதினான்கு ஆண்டும் அப்படியே இருக்கின்றன. சுவரில் துளையிட்டுக் கையை நுழைத்தவனை இன்றைய சட்டமும் 330ஆம் பிரிவில் நினைவு வைத்திருக்கிறது. கூரிய கண்ணுள்ள பழைய வரையறை பிழைத்துக்கொண்டது. நாமோ இன்னும் முதல் வழியிலேயே நிற்கிறோம்.

2018இன் தொடக்கத்தில் கேரளத்து வீடுகளின் சன்னல்களில் கறுப்பு ஒட்டிகள் தென்பட்டன. திருடரும் பிள்ளை பிடிப்பவரும் இட்ட அடையாளம் என்று வாட்ஸ்அப்பில் செய்தி பரவியது. கண்ணாடித் தகடுகள் ஒன்றோடொன்று உரசாமலிருக்க ஒட்டப்படுபவை அவை என்று காவல்துறை விளக்கிய பின்னும், பிச்சையெடுப்போரும் வெளிமாநிலத் தொழிலாளரும் சந்தேகத்துக்கு ஆளாயினர். அதே ஆண்டு பிப்ரவரி 22 அன்று அட்டப்பாடியில் மது என்னும் பழங்குடி இளைஞரை, உணவுப்பொருள் திருடினார் என்று கூறி ஒரு கூட்டம் அடித்தே கொன்றது. அவ்வழக்கில் பதினான்கு பேரைக் குற்றவாளிகள் என்று மண்ணார்க்காட்டுச் சிறப்பு நீதிமன்றம் 2023 ஏப்ரலில் தீர்ப்பளித்தது.

நாளையும் தேநீர்க்கடை நாளிதழில் ஒரு பவனபேதனச் செய்தி வரும். 'யாராயிருக்கும்' என்று அருகில் இருப்பவர் கேட்பார்; உடனே ஒரு மாநிலத்தின் பெயரையோ ஒரு கூட்டத்தாரின் பெயரையோ யாரேனும் சொல்வார்கள். அந்நேரத்தில் நாம் கேட்கத்தக்க கேள்வியைக் கௌடில்யர் என்றோ எழுதி வைத்துவிட்டார்: வெட்டிய மண் சுவரின் எந்தப் பக்கம் கிடக்கிறது?